டிபி-க்காக ஈ.எஸ்.ஐ. லீவில் இருக்கும்போது 'பெயர் நீக்கப்பட்டது' என்று கடிதம் வந்திருக்கிறது. என்ன செய்யலாம்?

சூலூர் வாசகி | 18 ஜூன் 2024

எல்லாருக்கும் வணக்கம். என் வீட்டுக்காரருக்காக எழுதுகிறேன். அவர் கோவைப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் சிஎன்சி ஆபரேட்டர். ஏழாவது வருஷம் ஓடுகிறது. மொத்தச் சம்பளம் 17,800. ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ரெண்டும் பிடிக்கிறார்கள். ஆபீஸ் ஆட்களையும் சேர்த்தால் கம்பெனியில் அறுபது பேர் இருப்பார்கள்.

பிப்ரவரியில் இருமல் நிற்கவே இல்லை. டிஸ்பென்சரியில் காட்டினோம், அங்கிருந்து பெரிய ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். சளி டெஸ்டில் டிபி என்று வந்தது. அன்றிலிருந்து லீவு. சர்ட்டிபிகேட் ஒவ்வொன்றையும் சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். முதல் ரெண்டை மட்டும் நானே கம்பெனி கேட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ஈ.எஸ்.ஐ. பணம் 91 நாளுக்கு வந்துவிட்டது.

போன வாரம் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அப்படியே எழுதுகிறேன்:

"தாங்கள் முன் அனுமதியின்றித் தொடர்ந்து பணிக்கு வராத காரணத்தால் தாங்களாகவே பணியைக் கைவிட்டதாகக் கருதப்பட்டு, 01.06.2024 முதல் தங்கள் பெயர் வருகைப் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. கணக்கை முடித்துக்கொள்ள அலுவலகத்தை அணுகவும்."

போன் செய்தால் எச்.ஆர். வேறு மாதிரி பேசுகிறார். "மத்த பசங்க பயப்படுறாங்கம்மா. அவரையே ராஜினாமா எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க, செட்டில்மென்ட்டோட ஒரு மாசச் சம்பளம் சேர்த்துப் போட்டுத் தர்றோம். உடம்பு தேறினதும் பார்த்துக்கலாம்" என்கிறார். எழுதிக் கொடுத்துவிடலாமா? வீட்டு வாடகை, பெரியவள் ஸ்கூல் ஃபீஸ் எல்லாம் நிற்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

பழைய மில்காரன் | 18 ஜூன் 2024

எழுதிக் கொடுக்காதீங்கம்மா. முதலில் அது. மற்றதெல்லாம் அப்புறம்.

ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948, பிரிவு 73. நோய்க்கால உதவித்தொகை வாங்கிக்கொண்டிருக்கும் தொழிலாளியை அந்தக் காலத்தில் டிஸ்மிஸ், டிஸ்சார்ஜ் செய்யக்கூடாது, பதவி இறக்கக்கூடாது, வேறு தண்டனையும் கொடுக்கக்கூடாது. பணம் வாங்கும் நாள் முடிந்திருந்தாலும், சிகிச்சையில் இருக்கும்வரை ஒழுங்குவிதிகள் அனுமதிக்கும் அளவைத் தாண்டி நீக்க முடியாது. அதே பிரிவின் இரண்டாவது உட்பிரிவுதான் உங்களுக்கு முக்கியம்: அந்தக் காலத்தில் கொடுக்கிற நீக்க நோட்டீஸ் எதுவும் செல்லாது.

ஒழுங்குவிதி என்றேனே, அது 1950-ல் வந்த ஈ.எஸ்.ஐ. பொது ஒழுங்குவிதிகளில் 98-வது. சாதாரண நோய் என்றால் தொடர்ந்து ஆறு மாதம் சிகிச்சையில் இருந்த பிறகு, வேலை நிபந்தனைகள் இடம் கொடுத்தால், முறையாக நோட்டீஸ் கொடுத்து நீக்கலாம். டிபி மாதிரி நீண்ட நோய்க்கு அந்த ஆறு மாதம் 18 மாதம். உங்க வீட்டுக்காரருக்கு நாலு மாதம்தான் ஆகியிருக்கிறது.

மீறினால் பிரிவு 85-ன்படி முதலாளிக்கு ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 4,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டும். நாலாயிரம் இன்றைக்கு ஒரு காசா என்று கேட்பீர்கள். வாஸ்தவம்தான். ஆனால் கிரிமினல் வழக்கு என்ற சொல்லுக்குக் கம்பெனிகள் கொஞ்சம் யோசிக்கும்.

அப்புறம் அந்தச் 'செட்டில்மென்ட்'. ஐந்து வருஷம் தாண்டியவருக்குப் பணிக்கொடை எப்படியும் கொடுத்தே ஆகவேண்டும். அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து 13,000 என்று வைத்துக்கொண்டால், அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்க வருஷத்துக்கு 7,500. ஆறு வருஷத்துக்கு 45,000. ஏழாவது வருஷத்தில் ஆறு மாதத்துக்கு மேல் போயிருந்தால் அதையும் முழு வருஷமாக எடுத்து 52,500. இது உங்க பணம். எச்.ஆர். கூடுதலாகத் தருவதாகச் சொல்வது அந்த ஒரு மாதச் சம்பளம் மட்டும். அதற்குப் பதிலாக ராஜினாமா என்கிற காகிதத்தைக் கேட்கிறார். அந்தக் காகிதம் கைக்குப் போய்விட்டால் 73-ம் இல்லை, 98-ம் இல்லை.

---

ராத்திரி ஷிப்ட் | 18 ஜூன் 2024

ஐயா சொல்வது சட்டப்படி சரி. நடைமுறை வேற. எங்க ஏரியாவில் லேபர் கோர்ட்டுக்குப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வாய்தா வாய்தா என்று பிள்ளை ஒண்ணாவதிலிருந்து பத்தாவது போய்விடும். திரும்ப எடுத்தாலும் நிம்மதியாக வேலை செய்ய விடுவார்களா? ஒரு மாசச் சம்பளத்தை மூணு மாசமாக்கிக் கேட்டு வாங்கிக்கொண்டு, உடம்பு தேறியதும் வேற கம்பெனி பாருங்கள். சிஎன்சி தெரிந்தவனுக்குக் கோவையில் வேலைக்கா பஞ்சம்?

---

கணக்குப்பிள்ளை | 19 ஜூன் 2024

ராத்திரி ஷிப்ட் அண்ணா, வேற கம்பெனிக்குப் போவதை யாரும் தடுக்கவில்லை. ஆனால் இப்போது அவர் மருந்தில் இருக்கிறார். இன்றைக்கு வெளியே வந்தால் கையில் என்ன இருக்கும் என்று பாருங்கள்.

நான் பத்து வருஷமாகக் கம்பெனிகளுக்கு ஈ.எஸ்.ஐ., பி.எஃப். ரிட்டர்ன் போடுகிறவன். சகோதரிக்கு ஒரு விஷயம். 91 நாளோடு பணம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள் போல. சாதாரண நோய்க்காலத் தொகைதான் 91 நாள், சராசரிக் கூலியில் 70 சதவீதம். டிபி, புற்றுநோய் மாதிரிப் பட்டியலில் இருக்கும் நீண்டகால நோய்களுக்கு அதன் பிறகு 'நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி' என்று ஒன்று இருக்கிறது. அது 80 சதவீதம், அதிகபட்சம் ரெண்டு வருஷம் வரை போகும். ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும், கடைசி நாலு பங்களிப்புக் காலத்தில் (ஒவ்வொன்றும் ஆறு மாதம்) 156 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏழு வருஷக்காரருக்கு அது பிரச்சினையே இல்லை. டிஸ்பென்சரியில் டாக்டரிடம் கேளுங்கள், பிறகு கிளை அலுவலகத்தில் கிளெய்ம் போடுங்கள். அவர்களாகக் கூப்பிட்டுத் தரமாட்டார்கள்.

இன்னொன்று. லீவில் இருக்கிறவர் நிஜமாகவே வேலைக்கு வரவில்லையா என்று சரிபார்க்கக் கிளை அலுவலகம் சில கேஸ்களில் கம்பெனிக்கு ஒரு படிவம் அனுப்பும். ஆபீஸ் பாஷையில் 'ஃபார்ம் 10'. அதில் கம்பெனி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தால், இவர் நோயில் இருப்பது தெரியாது என்று அவர்கள் பிறகு சொல்லவே முடியாது. கிளை அலுவலகத்தில் அது வந்ததா என்று விசாரித்து, வந்திருந்தால் நகல் கேட்டு ஒரு மனு கொடுத்து வையுங்கள்.

---

நடுநிலை எச்ஆர் | 19 ஜூன் 2024

நான் இந்தத் துறையில்தான் இருக்கிறேன், அடிக்க வராதீர்கள். எதிர்ப்பக்கம் என்ன சொல்வார்கள் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

பிரிவு 73 எல்லாவற்றுக்கும் கவசம் அல்ல. 1963-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருக்கிறது. நம்ம பெரம்பூர் பக்கிங்ஹாம் கர்நாடிக் மில் வழக்குதான். லீவில் போனவர் லீவு முடிந்தும் வரவில்லை, நீட்டிக்கவும் கேட்கவில்லை. எட்டு நாள் தாண்டினால் வேலையை விட்டுவிட்டதாக அர்த்தம் என்று மில்லின் நிலையாணையில், அதாவது வேலை விதிகளின் தொகுப்பில், இருந்தது. பல வாரம் கழித்து ஈ.எஸ்.ஐ. சர்ட்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு வந்தார். நிலையாணைப்படி வேலை தானாகப் போனது, இது 73 தடுக்கிற நீக்கம் அல்ல என்று சொல்லி மில் பக்கம் தீர்ப்பானது. உங்கள் கடிதத்தில் 'தாங்களாகவே பணியைக் கைவிட்டதாக' என்று எழுதியிருப்பது சும்மா இல்லை. யாரோ வக்கீல் எழுதிக் கொடுத்த வார்த்தை அது.

தொடர்ந்த உடல்நலக் குறைவால் நீக்கினால் அது ஆட்குறைப்பு ஆகாது, ஆட்குறைப்பு இழப்பீடும் தரவேண்டாம் என்று தொழில் தகராறு சட்டத்திலேயே, பிரிவு 2(ஓஓ)-வில், ஒரு விலக்கு இருக்கிறது. அதையும் எடுப்பார்கள்.

சின்னக் கம்பெனியின் கஷ்டத்தையும் யோசியுங்கள். மூணு ஷிப்ட் ஓடும் இடத்தில் ஒரு மெஷின் ஆள் நாலு மாதம் இல்லை என்றால் ஆர்டர் நிற்கும். தற்காலிகமாக ஆள் போட்டுச் சமாளிக்கலாம், நான் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் எல்லா முதலாளியும் அப்படி யோசிப்பதில்லை.

---

பழைய மில்காரன் | 19 ஜூன் 2024

தம்பி சொன்ன பி. அண்டு சி. வழக்கு எனக்கு மனப்பாடம். நான் மில்லில் சேர்ந்த காலத்தில் கேட் கூட்டத்தில் அதை வைத்தே பயமுறுத்துவார்கள். ஆனால் அதற்குப் பிறகும் நீதிமன்றங்கள் முப்பது வருஷம் நடந்திருக்கின்றன. 1979-ல் ஜி.டி. லாட் வழக்கில், கைவிடுவது என்றால் திரும்ப வரும் எண்ணமே இல்லாமல் போவது, வெறுமனே வராமல் இருந்தது அதுவாகாது என்று சொல்லியாகிவிட்டது. 1993-ல் டி.கே. யாதவ் வழக்கு. அதிலும் எட்டு நாள் நிலையாணைதான். நிலையாணையில் எழுதியிருந்தாலும் சரி, ஆளைக் கூப்பிட்டு விளக்கம் கேட்காமல், விசாரணை வைக்காமல் பெயரை வெட்டினால் அது இயற்கை நீதிக்கு விரோதம் என்றார்கள். பாதிச் சம்பள பாக்கியோடு வேலையும் கிடைத்தது.

அது இருக்கட்டும், அறுபது பேர் உள்ள கம்பெனிக்கு நிலையாணை எங்கிருந்து வந்தது? நிலையாணைச் சட்டம் நூறு பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்துக்குத்தான். சான்றளித்த நிலையாணை இருந்தால் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

பி. அண்டு சி. வழக்கில் தோற்றவருக்கும் இந்தத் தங்கச்சி வீட்டுக்காரருக்கும் ஒரே வித்தியாசம்தான். அவர் சர்ட்டிபிகேட்டைக் கடைசியில் கொண்டுவந்தார், இவர் ஆரம்பத்திலிருந்து அனுப்பிக்கொண்டே இருக்கிறார். அதை நிரூபிப்பதில்தான் இந்தக் கேஸின் உயிர் இருக்கிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் தேதியும் நீல டிக்கும் தெரிகிற மாதிரி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பழைய போனை எக்காரணம் கொண்டும் விற்காதீர்கள், ரீசெட்டும் போடாதீர்கள். கேட்டில் கொடுத்தேன் என்கிறீர்களே, செக்யூரிட்டி நோட்டில் எழுதினாரா? எழுதியிருந்தால் தேதியைக் குறித்து வையுங்கள்.

உடல்நலக் குறைவு என்ற விலக்கு பற்றி. தம்பி, ரெண்டு குதிரையில் ஒரே நேரத்தில் சவாரி செய்ய முடியாது. அவராக வேலையை விட்டுப் போனார் என்று கடிதம் கொடுத்துவிட்டு, பிறகு நாங்கள்தான் நோய்க்காக நீக்கினோம் என்று சொன்னால் எது நிஜம் என்று கேட்பார்கள். அதுவுமில்லாமல் தொடர்ந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவ ஆதாரம் வேண்டும். டிபி மருந்து பொதுவாக ஆறு மாதம், முடித்தால் குணமாகிவிடும்.

---

நெறியாளர் | 19 ஜூன் 2024

கம்பெனி பெயர், எச்.ஆர். பெயர், ஈ.எஸ்.ஐ. எண் எதையும் இங்கே போடவேண்டாம். தனிமடலில் கேட்பவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

---

சூலூர் வாசகி | 20 ஜூன் 2024

எல்லாருக்கும் நன்றி. நேற்று ராத்திரி ரெண்டு பேரும் உட்கார்ந்து படித்தோம். அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்திருக்கிறது, இத்தனை நாள் "என்னால்தானே" என்று புலம்பிக்கொண்டே இருந்தார். கேட்டில் நோட்டில் எழுதினார்கள், எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்கு என்ன பதில் எழுதுவது? எனக்கு இங்கிலீஷில் அவ்வளவாக எழுத வராது.

---

பழைய மில்காரன் | 20 ஜூன் 2024

தமிழிலேயே எழுதுங்கள். அவர்கள் கடிதமும் தமிழில்தானே. இப்படி இருக்கட்டும்:

"தங்கள் கடிதம் கிடைத்தது. நான் பணியைக் கைவிடவில்லை. 2024 பிப்ரவரி முதல் காசநோய்க்கு ஈ.எஸ்.ஐ. சிகிச்சையில் இருக்கிறேன். மருத்துவச் சான்றுகளைத் தேதிவாரியாக நேரிலும் வாட்ஸ்அப் மூலமும் அனுப்பியுள்ளேன், நகல்கள் மீண்டும் இணைக்கப்பட்டுள்ளன. சிகிச்சைக் காலத்தில் தந்த பெயர் நீக்கக் கடிதம் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிரிவு 73-ன்படி செல்லாது. அதைத் திரும்பப் பெறக் கேட்டுக்கொள்கிறேன். ஈ.எஸ்.ஐ. மருத்துவர் இறுதிச் சான்று தந்ததும் பணிக்கு வரத் தயாராக இருக்கிறேன். ராஜினாமா செய்யும் எண்ணம் எனக்கு இல்லை."

அவர் கையெழுத்துதான் வேண்டும், உங்களுடையது அல்ல. பதிவுத் தபால், ஒப்புகை அட்டையோடு. ஒரு நகல் ஈ.எஸ்.ஐ. கிளை மேலாளருக்கு, ஒரு நகல் கோவை தொழிலாளர் உதவி ஆணையர் (சமரசம்) அலுவலகத்துக்கு. தபால் ரசீதை அன்றைக்கே போட்டோ எடுத்துவிடுங்கள், அந்த மை ரெண்டு மாதத்தில் வெளுத்துப்போய்விடும்.

அதோடு ஒவ்வொரு புதுச் சர்ட்டிபிகேட்டையும் இனிமேல் தபாலில் அனுப்புங்கள். ஒன்றைக்கூட விடாதீர்கள்.

---

ஓஎம்ஆர் ஓரம் | 22 ஜூன் 2024

இழைக்குள் நுழைவதற்கு மன்னிக்கவும், கிட்டத்தட்ட இதே பிரச்சினை. நான் சென்னையில் ஒரு ஐ.டி. கம்பெனியில் டெஸ்டிங்கில் இருக்கிறேன், ஐந்து வருஷம். மார்பகப் புற்றுநோய், கீமோ போய்க்கொண்டிருக்கிறது. சம்பளம் ஈ.எஸ்.ஐ. வரம்பைத் தாண்டியது. சிக் லீவும் ஏர்ன்டு லீவும் தீர்ந்து, சம்பளமில்லா லீவில் இருக்கிறேன். போன வாரம் வீடியோ காலில் மேனேஜரும் எச்.ஆர்.-ம் வந்து, "புராஜெக்ட் முடிந்துவிட்டது, நீங்களாகவே பேப்பர் போட்டுவிட்டால் உங்கள் ரெக்கார்டு சுத்தமாக இருக்கும்" என்றார்கள். விக் இல்லாமல் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு 73 மாதிரி ஏதாவது உண்டா?

---

கணக்குப்பிள்ளை | 22 ஜூன் 2024

சகோதரி, முதலில் உடம்பைப் பாருங்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாதம் 21,000-க்கு மேல் சம்பளம் வாங்கும் தனியார் ஊழியரை நோய் லீவில் நீக்கவே கூடாது என்று 73 மாதிரி நேரடியாகச் சொல்லும் சட்டம் இல்லை. பிரசவ விடுப்பு என்றால் 1961 சட்டத்தின் 12-வது பிரிவு காப்பாற்றும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4), வேலைக்காலத்தில் குறைபாடு வந்தவரை நீக்கக்கூடாது என்கிறது, ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டும்.

அதற்காகக் கை விரிக்கவேண்டாம். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947 இருக்கிறது. அதில் பிரிவு 41: ஆறு மாதத்துக்கு மேல் தொடர்ந்து வேலை செய்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக்கூடாது, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம் தரவேண்டும். நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, நீங்கள் டெஸ்டிங்கில் இருக்கிறீர்கள். நீக்கினால் தொழிலாளர் துறையில் உள்ள மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகவேண்டும். கீமோவுக்கு நடுவில் 30 நாள் ஓடிப்போவது தெரியாது, அதனால் வீட்டில் ஒருவரிடம் இந்தத் தேதியைப் பொறுப்பாகக் கொடுங்கள்.

புராஜெக்ட் முடிந்தது என்கிறார்களே, அப்படியானால் அது ஆட்குறைப்பு. தொழில் தகராறு சட்டப்படி நோட்டீஸ், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் எல்லாம் வரும். அவர்களாக நீக்காமல் உங்களையே பேப்பர் போடச் சொல்வது ஏன் என்று இப்போது புரிகிறதா?

---

நடுநிலை எச்ஆர் | 22 ஜூன் 2024

இதில் நான் முழுக்க உங்கள் பக்கம். அந்தக் காலில் பேசியதை நீங்களே ஒரு மின்னஞ்சலாக எழுதி ரெண்டு பேருக்கும் அனுப்புங்கள். கோபம் வேண்டாம். "இன்று நடந்த அழைப்பில் என்னை ராஜினாமா செய்யச் சொன்னீர்கள், நான் சிகிச்சையில் இருக்கிறேன், ராஜினாமா செய்ய விரும்பவில்லை, சிகிச்சை முடிந்ததும் பணிக்குத் திரும்புவேன்" என்று நாலு வரி போதும். உங்கள் தனி மின்னஞ்சலுக்கும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். நீக்கினால் ஆபீஸ் மின்னஞ்சல் அன்றைக்கே பூட்டப்படும்.

யாரும் சொல்லாத ஒன்று இன்ஷூரன்ஸ். கம்பெனியின் குரூப் மெடிக்கிளெய்ம் கடைசி வேலை நாளோடு நிற்கும். கீமோ நடுவில் அது நின்றால் சம்பளம் போனதைவிடப் பெரிய இடி. அதே இன்ஷூரன்ஸ் கம்பெனியின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழி உண்டு, காத்திருப்புக் காலத்தில் ஏற்கெனவே கழிந்ததும் கணக்கில் வரும். ஆனால் குரூப் பாலிசி உயிரோடு இருக்கும்போதே கேட்கவேண்டும். இன்றைக்கே இன்ஷூரன்ஸ் டெஸ்க்குக்கு எழுதிக் கேளுங்கள். பேச்சுவார்த்தை என்று வந்தால் பணத்துக்கு முன்னால் "பாலிசி ஆண்டு முடியும்வரை என்னை ரோலில் வையுங்கள்" என்று கேளுங்கள். கம்பெனிகள் இதற்குச் சம்மதித்ததை நான் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு இதில் செலவு குறைவு.

---

ராத்திரி ஷிப்ட் | 23 ஜூன் 2024

என்னை மாதிரி கான்ட்ராக்டில் இருப்பவனுக்கு இதெல்லாம் உண்டா? கான்ட்ராக்டர் மாசாமாசம் ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறான், கட்டுகிறானா என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

---

கணக்குப்பிள்ளை | 23 ஜூன் 2024

கடவுளைக் கேட்கவேண்டாம், ஈ.எஸ்.ஐ. தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு நுழைந்தால் மாதவாரியாகச் சந்தா வந்ததா என்று தெரியும். கட்டவில்லை என்றால் கான்ட்ராக்டரை மட்டும் பிடித்துத் தொங்கவேண்டாம், பிரதான முதலாளியே கட்டவேண்டும் என்கிறது பிரிவு 40. பிறகு கான்ட்ராக்டரிடம் கழித்துக்கொள்வது அவர் பாடு. நோய் வருவதற்கு முன்னாலேயே பார்த்து வையுங்கள், அண்ணா. வந்த பிறகு பார்த்தால், நோய்க்காலத் தொகைக்குத் தேவையான 78 நாள் சந்தா கணக்கு இடிக்கும்.

---

சூலூர் வாசகி | 29 ஜூலை 2024

இடைவெளிக்கு மன்னிக்கவும். கம்பெனிக்கு அனுப்பிய தபால் 'வாங்க மறுத்தார்' என்று எழுதித் திரும்பி வந்துவிட்டது. நான் பதறிப்போய்க் கவரைப் பிரிக்கப் போனேன், நல்லவேளை அவர் தடுத்தார். தொழிலாளர் அலுவலகத்தில், பிரிக்காமல் அப்படியே வைத்திருங்கள், சரியான முகவரிக்குப் போனதை வாங்க மறுத்தால் கொடுத்த மாதிரிதான் என்றார்கள். தனி ஆளை நீக்கியதை எதிர்க்கும் பிரிவாம், தொழில் தகராறு சட்டத்தின் 2ஏ, அதில் மனு கொடுத்தாயிற்று. வக்கீல் வைக்கவில்லை, நாங்களே எழுதினோம்.

நீட்டிப்புப் பணம் வந்தது! கணக்குப்பிள்ளை அண்ணாவுக்குக் கோடி நன்றி. டிபி சென்டரில் சத்துணவுக்கு என்று மாதம் 500 ரூபாயும் அவர் அக்கவுன்ட்டில் ஏறுகிறது. சளி டெஸ்டில் இப்போது கிருமி இல்லை.

---

பழைய மில்காரன் | 29 ஜூலை 2024

சபாஷ். அந்தச் சளி ரிப்போர்ட்டை பத்திரமாக வையுங்கள். மத்தவர்கள் பயப்படுகிறார்கள் என்ற பேச்சுக்கு அதுதான் பதில். சமரச அதிகாரி முன்னால் கம்பெனி வராமல் இழுத்தடித்தால் கவலைப்படாதீர்கள். மனு கொடுத்து 45 நாள் ஆகிவிட்டால், பேச்சு முடியாவிட்டாலும் நேராக லேபர் கோர்ட்டுக்குப் போகலாம். நீக்கிய தேதியிலிருந்து மூணு வருஷம் வரை கெடு.

அங்கே போனதும் யாராவது "18(1) போட்டுக்கலாம்" என்று தாழ்வாரத்தில் காகிதம் நீட்டினால் கையெழுத்துப் போடவேண்டாம். அது ரெண்டு பேருக்கு நடுவில் மட்டும் போடுகிற ஒப்பந்தம். போட்டால் அதிகாரி முன்னிலையில் 12(3) போடுங்கள். "இடைவெளியின்றிப் பணித் தொடர்ச்சி" என்ற வார்த்தை அதில் இருக்கவேண்டும், இல்லாவிட்டால் ஏழு வருஷப் பணிக்கொடைக் கணக்கு பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும்.

---

சூலூர் வாசகி | 8 அக்டோபர் 2024

12(3) முடிந்தது. முதல் ரெண்டு வாய்தாவுக்குக் கம்பெனியிலிருந்து யாரும் வரவில்லை. மூணாவதில் எச்.ஆர்.-ம் ஒரு கன்சல்டன்ட்டும் வந்தார்கள். சர்ட்டிபிகேட் எதுவுமே வரவில்லை என்று ஆரம்பித்தார்கள். வீட்டுக்காரர் வாட்ஸ்அப் பிரிண்ட்டையும், கிளை அலுவலகத்தில் வாங்கிய ஃபார்ம் 10 நகலையும் எடுத்து வைத்தார். அதில் கம்பெனி முத்திரையும் அதே எச்.ஆர். கையெழுத்தும் இருந்தன. கன்சல்டன்ட் எச்.ஆர்.-ஐத் திரும்பிப் பார்த்தார், அப்புறம் ரெண்டு பேரும் வெளியே போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தார்கள்.

ஜூன் கடிதத்தைத் திரும்பப் பெறுகிறார்கள், பணித் தொடர்ச்சி உண்டு. சிகிச்சைக் காலத்துக்குச் சம்பளம் கேட்கமாட்டோம் என்று எழுதிக்கொண்டார்கள், அதுதான் ஈ.எஸ்.ஐ. தந்துவிட்டதே. இறுதிச் சான்று வாங்கிப் போன வாரம் சேர்ந்துவிட்டார். சிஎன்சி-யில் விடவில்லை, இன்ஸ்பெக்ஷன் டேபிளில் உட்கார வைத்திருக்கிறார்கள். சம்பளம் அதேதான், ஓவர்டைம் மட்டும் கிடையாது. டீ டைமில் ரெண்டு பேர் தள்ளி உட்காருகிறார்களாம். மத்தவர்கள் சாதாரணமாகத்தான் இருக்கிறார்கள்.

---

ராத்திரி ஷிப்ட் | 8 அக்டோபர் 2024

கோர்ட் வாசலே ஏறாமல் முடிந்ததா! வாழ்த்துக்கள் தங்கச்சி. ஓவர்டைம் இல்லாமல் இருப்பதும் இப்போதைக்கு நல்லதுதான், நுரையீரல் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும். நானும் என் சந்தாவைப் பார்த்தேன், நாலு மாதம் கட்டவில்லை. புகார் போட்டிருக்கிறேன்.

---

ஓஎம்ஆர் ஓரம் | 11 அக்டோபர் 2024

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் அனுப்பிய மறுவாரமே எச்.ஆர். தொனி மாறியது. திரும்ப எடுக்க மனமில்லை, எனக்கும் அங்கே போக மனமில்லை. பாலிசி ஆண்டு முடியும்வரை ரோலில் இருப்பது, அதன் பிறகு ஆட்குறைப்பு என்று எழுதிக் கொடுத்து அதற்கான இழப்பீடு, பணிக்கொடை தனியாக என்று முடிந்தது. அதற்குள் தனிநபர் பாலிசிக்கு மாறிவிட்டேன். பிரீமியத்தைப் பார்த்தால் தலை சுற்றுகிறது, இருந்தாலும் கீமோ நிற்கவில்லை.

---

திருமுடிவாக்கம் டர்னர் | 6 டிசம்பர் 2025

பழைய இழையைத் தோண்டுகிறேன். எனக்கு முதுகுத்தண்டு ஆபரேஷன், ஈ.எஸ்.ஐ. லீவில் இருக்கிறேன். இந்த மாதம் முதல் தேதியிட்டு இதே மாதிரி 'கைவிட்டதாகக் கருதி' கடிதம் வந்திருக்கிறது. மேலே உள்ள கடிதத்தை அப்படியே எழுதி அனுப்பலாமா?

---

கணக்குப்பிள்ளை | 6 டிசம்பர் 2025

கடிதத்தின் சாரத்தை எழுதுங்கள், பிரிவு எண்களை அப்படியே எழுதாதீர்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் அமலுக்கு வந்துவிட்டன. உங்கள் நீக்கத் தேதி அதற்குப் பிறகு வருகிறது. ஈ.எஸ்.ஐ. சட்டம் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள்ளும், தொழில் தகராறு சட்டமும் நிலையாணைச் சட்டமும் தொழிலுறவுத் தொகுப்புக்குள்ளும் போய்விட்டன. வக்கீலையோ சங்கத்தையோ பார்க்கும்போது வாயைத் திறந்ததும் நீக்கத் தேதியைச் சொல்லிவிடுங்கள், எந்த எண் போடுவது என்று அவர்கள் எழுதிக் கொடுப்பார்கள்.

கெடுவும் மாறியிருக்கிறது. மேலே ஐயா சொன்ன மூணு வருஷம் இப்போது ரெண்டு வருஷம். சமரச மனுவுக்குப் பிறகு 45 நாள் என்பது அப்படியே. நிலையாணை இப்போது 300 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களுக்கு. உங்களுக்குச் சாதகமாக ஒன்று: வேலையிலிருந்து நீக்கினாலும் ராஜினாமா செய்தாலும் நிலுவைச் சம்பளத்தை ரெண்டு வேலை நாளுக்குள் தரவேண்டும் என்கிறது ஊதியத் தொகுப்பு. அதனால் சம்பள பாக்கியைக் காட்டி ராஜினாமா கேட்டால் மசியவேண்டாம்.

டிஸ்பென்சரி சர்ட்டிபிகேட் கடைசியாக எந்தத் தேதி வரை இருக்கிறது? இடையில் விடுபட்ட நாள் இருந்தால் அதைச் சொல்லுங்கள், முதலில் அதைச் சரிசெய்வோம்.

---

திருமுடிவாக்கம் டர்னர் | 7 டிசம்பர் 2025

டிசம்பர் 14 வரை இருக்கிறது. நவம்பரில் மட்டும் ஒரு வாரம் இடைவெளி, அப்போது ஆஸ்பத்திரியில் படுத்திருந்தேன். டிஸ்சார்ஜ் சம்மரி கையில் இருக்கிறது.

---

கணக்குப்பிள்ளை | 7 டிசம்பர் 2025

அப்படியானால் திங்கட்கிழமை காலையில் அந்தச் சம்மரியோடு டிஸ்பென்சரிக்குப் போய், அந்த வாரத்துக்கும் சான்று போட்டுத் தரமுடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். அது கைக்கு வந்ததும் கம்பெனிக்குக் கடிதம் எழுதலாம். முடிந்ததும் இங்கேயே சொல்லுங்கள்.